பதினாலாவது நட்டு

மதியம் இரண்டு மணி பத்து நிமிடம். ஏரியைச் சுற்றிப் போகும் பழைய சாலை. புதிய சாலை போட்ட பிறகு அந்தப் பக்கம் லாரிகூடப் போவதில்லை...

சிரிக்காதீர்கள். பேய்க் கதை நடுராத்திரியில்தான் தொடங்க வேண்டும் என்று யார் சொன்னது? இது பட்டப்பகலில் நடந்தது. அதனால்தான் எனக்கு இதை நினைத்தால் அதிகம் பயம். இருட்டு என்றால் கண் ஏதோ தப்பாகப் பார்த்துவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். உச்சி வெயிலில் என்ன சொல்வது? கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். யாராவது அந்தக் கதவைச் சாத்துங்கள்.

என்னோடு வேலை பார்த்த நண்பன் ஒருவன். அவனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. அவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து ஒரு ஒர்க்ஷாப் வைத்திருந்தார்கள். பெரியவர், சின்னவர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். நண்பனின் அக்கா வீட்டுக்காரர், சின்னவர்.

அன்றைக்கு அந்தச் சாலையில் சின்னவர் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். ஓட்டியது ஒரு ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு தரையாக, தவளை மாதிரிப் பதுங்கி உட்கார்ந்திருக்கும் வண்டி. காருக்காக உயிரை விடுகிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு, அது இன்றைக்கு வேண்டாம். இந்தக் காரில் ரோட்டரி எஞ்சின். பிஸ்டன் மேலும் கீழும் குதிக்காது. முக்கோணமாக ஒன்று உள்ளே சுழன்றுகொண்டே இருக்கும். போதாததற்கு டர்போ வேறு. வேகமும் பேய் வேகம், சூடும் பேய்ச் சூடு. ரேடியேட்டர் தண்ணீர் மட்டும் அந்தச் சூட்டுக்குப் பத்தாது. ஒரு பெரிய பங்கை எஞ்சின் ஆயில்தான் சுமந்துகொண்டு வெளியே வர வேண்டும். வந்து, முன்னால் இருக்கும் ஆயில் கூலரில் காற்று வாங்கி ஆறி, திரும்ப உள்ளே போக வேண்டும்.

வண்டியோடு வந்த கூலர் ஒன்றே ஒன்று, கையகலம். மேட்டில் ஏறினால் ஆயில் நூற்றிருபது டிகிரியைத் தாண்டும். அதனால் அதைக் கழற்றிவிட்டு, பம்பருக்குப் பின்னால் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு பெரிய கூலர் வைத்து, கம்பி பின்னிய தடித்த ஹோஸ் போட்டு இணைத்திருந்தார். மொத்தம் பதினாலு ஜாயிண்ட். பதினாலு நட்டு.

இதே வேலையை இதே காரில் அவர் ஏற்கெனவே ஒரு தடவை செய்திருக்கிறார். நாலு வருஷம் முன்னால். பெரியவரோடு சேர்ந்து.

அந்த ஒர்க்ஷாப்பில் ஒரு வழக்கம் இருந்தது. நட்டை இறுக்கினவன் கோடு போடக்கூடாது. ஒருவர் ஸ்பேனர் போட்டு இறுக்குவார். இறுக்கி முடித்ததும் ஸ்பேனரால் வண்டியின் இரும்புச் சட்டத்தில் இரண்டு தட்டு. டக், டக். அதைக் கேட்டதும் மற்றவர் வந்து, தன் ஸ்பேனரைப் போட்டு ஒருமுறை பார்த்து, அசையவில்லை என்றால் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் நட்டின்மேலும் ஜாயிண்டின்மேலும் சேர்த்து ஒரு கோடு இழுப்பார். பின்னால் நட்டு மயிரிழை அசைந்தாலும் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். கோடு இருந்தால் இரண்டு பேர் பார்த்தாயிற்று என்று அர்த்தம். பெரியவர் இழுக்கும் கோட்டுக்கு முடிவில் சின்னதாக ஒரு வால் இருக்கும். சின்னவர் கோடு மொட்டையாக நின்றுவிடும். எந்தக் கோடு யாருடையது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம்.

நாலு வருஷம் முன்னால், அன்றைக்கு இறுக்கியது பெரியவர். கோடு போட்டது சின்னவர். பதிமூன்று முடிந்தது. பதினாலாவது, இடப்பக்கக் கூலரின் அடி ஜாயிண்ட். பெரியவர் அதை விரலால் திருகி மாட்டும்போது வாசலில் யாரோ வாடிக்கையாளர் கூப்பிட்டார். ஸ்பேனரை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து போனார்.

தட்டுச் சத்தம் வரவில்லை. சின்னவருக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் பசி. வீட்டிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டு மூன்றாவது போன் வந்துவிட்டது. குனிந்து பார்த்தார். நட்டு பார்க்க ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தது. பேனாவை எடுத்து உதறினார். அதற்குள் ஒரு சின்ன இரும்பு உருண்டை கிடக்கும். கலக்... கலக்... கலக். கோடு இழுத்தார். சாப்பிடப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது காரும் இல்லை, அண்ணனும் இல்லை. பெரியவர் வந்து பார்த்திருக்கிறார். தம்பியின் கோடு இருக்கிறது. அப்புறம் என்ன சந்தேகம்? வண்டியை எடுத்துக்கொண்டு ஏரிச் சாலைக்குப் போய்விட்டார். விரலால் திருகின நட்டு, ஆயில் சூடாகிற வரைக்கும் தாங்கும். சூடாகி அழுத்தம் ஏறினால் பீய்ச்சி அடிக்கும். கூலருக்கு அடுத்து இருப்பது முன் சக்கரம்.

வளைவில் வழுக்கி, புளியமரத்தில். நேரம் இரண்டு மணி பத்து நிமிடம். கைக்கடிகாரம் நின்றிருந்தது.

முன்பக்கம் மொத்தமும் நசுங்கிப்போனதால் எந்த நட்டு எப்படி இருந்தது என்று பார்க்க வழியில்லை. போலீஸ்காரர்கள் ஓவர் ஸ்பீடு என்று எழுதினார்கள். ஊரும் அதையே சொன்னது. சின்னவர் தலையாட்டினார். மறுநாள் அந்தப் பேனாவைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் வீசினார். அவ்வளவுதான் அவர் செய்தது.

அண்ணி, புருஷன் படத்தைக்கூட மாட்டவில்லை. பீரோவுக்குள் வைத்துவிட்டார். சின்னவர் போகும்போதெல்லாம் ஒரே பேச்சு. "ரெண்டு புள்ளைங்கள விட அந்த மனுஷனுக்கு வேகம் பெருசாப் போச்சு தம்பி. நெனச்சாலே பத்திக்கிட்டு வருது." சின்னவருக்குச் சொல்லிவிட வாய் வரும். டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவார். நாலு வருஷமாக அப்படித்தான்.

அந்தக் காரை ஏன் மறுபடி கட்டினார்? கேட்டவர்களிடம் அண்ணன் ஆசை என்றார். உண்மை அதில்லை. பதினாலையும் ஒரு தடவையாவது ஒழுங்காகச் செய்துவிட்டால் நெஞ்சில் இருக்கிற கல் இறங்கிவிடும் என்று நினைத்தார். பாவம்தான். தனி ஆளாக எல்லாவற்றையும் இறுக்கினார். ஒவ்வொன்றையும் முடித்ததும் கை தானாகச் சட்டத்தில் தட்டியது. டக், டக். வந்து பார்க்க ஆள் இல்லை. கோடு எதுவும் போடவில்லை. போட அவருக்குக் கை வரவில்லை.

சரி. ஏரிச் சாலைக்கு வருவோம்.

வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் அதற்கே உரிய திக்குவாயோடு பட... பட... பட என்று போய்க்கொண்டிருந்தது. ஆயில் முள் தொண்ணூற்றைந்தில் நின்றது. மேட்டில் மிதித்தார். தொண்ணூற்றெட்டு. விட்டார். தொண்ணூற்றைந்து. ரொம்ப நாளைக்குப் பிறகு அவருக்குச் சிரிப்பு வந்ததாம்.

அப்போதுதான் கேட்டது. முன்பக்கத்திலிருந்து.

கலக்... கலக்... கலக்.

ஏதோ கல் மாட்டிக்கொண்டது என்று நினைத்தார். ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தார்.

எஞ்சின் நின்றுவிட்டது. சத்தம் நிற்கவில்லை.

கலக்... கலக்... பிறகு, அதுவும் நின்றது. காற்று இல்லை. ஒரு காக்கை இல்லை. சூடான ஆயில் வாடை. அதற்குமேல் இன்னொரு வாடை, தின்னர் வாடை. புதுப் பெயிண்ட் காயாதபோது மூக்கில் ஏறுமே, அது. எதிரே இருநூறு அடி தூரத்தில் அந்த வளைவு. புளியமரத்தில் பட்டை உரிந்த இடம் இங்கிருந்தே தெரிந்தது.

டார்ச்சையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். வெள்ளோட்டம் என்பதால் அடியில் மூடும் தகட்டை இன்னும் மாட்டவில்லை. கொதிக்கிற தாரில் மல்லாந்து படுத்து, உள்ளே வெளிச்சம் அடித்தார்.

முதல் நட்டில் மஞ்சள் கோடு.

இரண்டாவதில் மஞ்சள் கோடு. மூன்றாவதில்... விரலால் தொட்டார். ஈரம். விரலில் மஞ்சள் ஒட்டியது. எல்லாக் கோட்டுக்கும் முடிவில் சின்னதாக ஒரு வால்.

எண்ணிக்கொண்டே வந்தார். பதிமூன்றில் இருந்தது. இடப்பக்கக் கூலரின் அடி ஜாயிண்டில் மட்டும் இல்லை. அதிலிருந்து ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. ஸ்பேனரைப் போட்டார். அரைச் சுற்று வந்தது. காலையில் உடம்பின் பாரம் மொத்தத்தையும் போட்டு இறுக்கின நட்டு அது. பிள்ளைகள்மேல் சத்தியம் செய்து என் நண்பனிடம் சொல்லியிருக்கிறார்.

இறுக்கினார். இனிமேல் இறுகாது என்கிற வரைக்கும் இறுக்கினார். பிறகு சட்டத்தில் தட்டினார். டக், டக்.

காத்திருந்தார். முதுகு வெந்துகொண்டிருந்தது. பேனாச் சத்தம் வரவில்லை.

மறுபடி தட்டினார். எதுவும் இல்லை. அவர் அழ ஆரம்பித்துவிட்டார். நாற்பத்திரண்டு வயது ஆள், நடுச்சாலையில், காருக்கு அடியில் கிடந்துகொண்டு.

"அண்ணே, நீ தட்டல. நீ தட்டலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கோடு போட்டேன். என்னைய மன்னிச்சிரு. அண்ணிகிட்ட சொல்லிடறேன். இன்னைக்கே சொல்லிடறேன்."

வளைவு இருக்கும் பக்கம் போகவே இல்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு நேராக அண்ணி வீட்டுக்குப் போனார். வாசலில் நிறுத்திவிட்டு, சட்டையெல்லாம் தார், கையெல்லாம் ஆயில், அப்படியே உள்ளே போய்ச் சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்தார். சொன்னார். பசி, மூன்றாவது போன், தட்டாத தட்டு, எதையும் விடவில்லை.

அண்ணி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"நாலு வருஷமா அந்த மனுஷனைத் திட்டாத நாள் இல்ல தம்பி," என்றார். "நீங்களும் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுதான் இருந்தீங்க."

அண்ணி ஒரு அடி முன்னால் வந்தார்.

"அவர் வேகமாப் போகல?"

"இல்லண்ணி."

அண்ணி அறைக்குள் போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. படத்தை எடுத்து வந்து, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, கூடத்தில் மாட்டினார். சாய்ந்திருந்ததை ஒருமுறை சரி செய்தார். பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "நீங்க கெளம்புங்க. இனிமே இந்தப் பக்கம் வர வேண்டாம்."

படியில் இறங்கும்போது, வாசலில் நின்ற காரின் முன்பக்கத்திலிருந்து கேட்டது. கலக்... கலக்... கலக்.

ஓடிப் போய்ப் படுத்து டார்ச் அடித்தார். பதினாலாவது நட்டில் கோடு இருந்தது. மஞ்சள், ஈரம் காயாமல். மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அண்ணி வர வேண்டாம் என்றது வலித்தது. ஆனால் அண்ணன் ஏற்றுக்கொண்டுவிட்டான். நாலு வருஷத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசாக இருந்தது. எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டிக்குள் உட்கார்ந்து சாவியைப் போட்டார்.

போட்டவர் திருப்பவில்லை.

கண்ணில் பட்ட எதுவோ உறுத்தியது. என்ன அது... திரும்ப இறங்கினார். திரும்பப் படுத்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதிமூன்று கோட்டுக்கும் வால் இருந்தது. பதினாலாவது மொட்டையாக நின்றது.

அது அண்ணனின் கோடு இல்லை. அவருடைய கோடு. அன்றைக்குப் பசியில் இழுத்த அதே கோடு.

சரியாக அரை மணி நேரத்துக்கு முன்னால், உயிரைக் கொடுத்து இறுக்கின நட்டு. ஸ்பேனர் வண்டிக்குள் இருந்தது. அதை எடுக்க அவர் எழுந்திருக்கவில்லை. கையை நீட்டி, இரண்டு விரலால் பிடித்துத் திருகிப் பார்த்தார்.

சுழன்றது.