வீட்டில் சத்தமில்லாத நாள்

– கதவைச் சாத்திட்டுப் பேசுங்க. பாப்பா முழிச்சுத்தான் படுத்திருக்கா.

– மெதுவாத்தானே பேசுறேன். அந்த மிஷினை எப்ப கழட்டணும்?

– நாளைக்குக் காலையில. அதுவரைக்கும் கையில பட்டையோடதான் இருக்கணுமாம். அப்பப்ப அதுவே இறுக்கி பிரஷரை எழுதி வெச்சுக்கும். இன்னைக்கு ஒரு நாளாவது சண்டை வேணாங்க.

– நான் எங்க சண்டை போட்டேன்? காலையிலேர்ந்து வாயே திறக்கலையே.

– அதைத்தான் சொல்றேன். இப்படியே இருங்க. சாப்பாடு இறங்குச்சா?

– உப்பில்லாத குழம்புன்னா என்னத்த இறங்கும்? காகிதத்தை ஊறவெச்சுத் தின்ன மாதிரி இருக்கு. பிள்ளை எப்படித்தான் சாப்பிட்டாளோ.

– ஒரு வார்த்தை சொல்லாம சாப்பிட்டா.

– பதினாலு வயசுப் பொண்ணுக்கு பிரஷர்னா பட்டறையில ஒருத்தனும் நம்பல. எனக்கே நாப்பது தாண்டித்தானே வந்துச்சு.

– நான் மட்டும் நம்பினேனா? தலை வலிக்குதுன்னு சொன்னப்பல்லாம் பரீட்சைக்குப் பயந்துக்கிட்டு நடிக்கிறியான்னு திட்டினேன். பள்ளிக்கூடத்துல மயங்கி விழுந்தப்புறம்தான்...

– சரி, விடு. இப்ப அழாத. ஸ்கேன்ல கிட்னி நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்கல்ல.

– சொன்னாங்க. அப்புறம் அவளை வெளிய உட்காரச் சொல்லிட்டு, வீட்ல ஏதாவது பிரச்சினையான்னு டாக்டரம்மா என்னைக் கேட்டாங்க.

– நீ என்ன சொன்ன?

– ஒண்ணுமில்லன்னுட்டேன். என்னத்தச் சொல்ல? நடு வீட்ல தட்டு பறந்ததையா? நீங்க கோவிச்சுக்கிட்டுப் பட்டறையிலேயே படுத்துக்கறதையா?

– தட்டை நான் மட்டுமா எறிஞ்சேன்?

– சத்தம்.

– சரி, சரி.

– இந்தாங்க, தண்ணி குடிங்க.

– நான் ஒண்ணு யோசிச்சேன். பட்டறைக்கு மேல ரூம் சும்மாதான் கிடக்கு. அங்கேயே போயிடறேன். லீவு நாள்ல வந்து பாப்பாவைப் பாத்துட்டுப் போறேன்.

– நிஜமாத்தான் சொல்றீங்களா?

– பின்ன? நாம கத்துற கத்தலெல்லாம் அவ ரத்தத்துல ஏறுதுன்னா, வேற என்ன செய்யச் சொல்ற?

– இத்தனை வருஷம் வாழ்ந்துட்டு, இப்படியா முடியணும்?

– கோவத்துல சொல்லலம்மா. நான் இல்லன்னா வீடு அமைதியா இருக்கும். அவளும் நிம்மதியா தூங்குவா.

– போகாதீங்கன்னு சொல்லத்தான் வாய் வருது. ஆனா அவ முகத்தைப் பாத்தா... சரி, போங்க. அவகிட்ட யாரு சொல்றது?

– மிஷினைக் கழட்டினப்புறம் சொல்லிக்கலாம்.

– அம்மா.

– என்னடா தங்கம், ஏன் எழுந்து வந்த? கை வலிக்குதா?

– இல்ல. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. மிஷின்ல ரொம்ப ஏறியிருக்கும்னு நினைக்கிறேன்.

– வா பாப்பா, அப்பா பக்கத்துல உட்காரு. ஏன்டா இப்படி? இன்னைக்கு வீட்ல ஒரு சத்தம்கூட இல்லையே.

– சத்தம் கேட்டா, ரெண்டு பேரும் வீட்லதான் இருக்கீங்கன்னு தூங்கிடுவேன்ப்பா. கேக்கலன்னாத்தான் யாரு போயிட்டீங்கன்னு எழுந்து எழுந்து பாப்பேன்.