சீமைப் பெட்டியும் ஜப்பான் பெட்டியும்

— கண்ண இறுக்கிக் கட்டும் ஓய் முத்துநாயகம்! இந்த யேசுரத்தினத்துக்குக் காது போச்சுன்னு கோயில் கமிட்டியில சொன்னவனெல்லாம் இன்னைக்குத் தெரிஞ்சுக்கிடட்டு.

— நான் சொல்லல்ல, வாத்தியாரே. கிறிஸ்மசுக்குப் பாடகர் குழு ஒரு பக்கமும் ஆர்மோனியம் ஒரு பக்கமும் போச்சுல்லா, அதுல கெளம்பின பேச்சு. பாடுகது எந்தக் கிராமபோன் பெட்டின்னு சரியாச் சொல்லிப்போட்டீருன்னா நான் உம்ம பக்கம். இல்லேன்னா ஞாயிற்றுக்கிழமையோட குழு வேற ஆளுக்கு.

— சொல்லாம என்ன ஓய்? துரை பங்களாவுல வாங்கிட்டு வந்தது சீமைப் பெட்டி. நெஞ்சுல இருந்து பாடும். குழித்துறைச் சந்தையில நீரு வாங்கினது ஜப்பான் பெட்டி. மூக்கால பாடும். இதெல்லாம் சங்கீதம் படிச்சவனுக்குள்ள சமாச்சாரம். நீரு கொப்பரை வாசம் பிடிக்கதோட நிறுத்தும்.

— சரி, இந்தக் கொப்பரை யாவாரி கண்ணக் கட்டியாச்சு. தாணம்மா, உன் புருசன் தோளுல இருந்து கைய எடு. தள்ளிப் போய் வாசல்ல நில்லு. சைகை காட்டப்பிடாது.

— எனக்கு என்ன பெட்டி தெரியும் அண்ணே? சும்மா பக்கத்துல நிக்கேன்.

— ஆகாது. சட்டம் சட்டம்தான்... ஆங். வாத்தியாரே, தட்டு வச்சாச்சு. பாட்டு ஓடுது. இது எது?

— ஆகா! கேட்டீரா அந்தக் கனிவ? சீமை! சீமையேதான்!

— கடவுளே, சரிதான். ஒண்ணு ஜெயிச்சுட்டீரு.

— ம், அடுத்தத வையும்.

— பொறும், ஊசி மழுங்கிப்போச்சு. புது ஊசி மாத்தட்டு.

— இந்தா, வந்துட்டுல்லா உம்ம ஜப்பான்காரன்! சளி பிடிச்ச குரலு!

— வாத்தியாரே, ஊசி என் கையிலதான் இருக்கு. பாட்டு வைக்கவே இல்ல.

— சரணத்தக் கேளும், தகரத்துல மழை பெய்யுக மாதிரி. இதப் போய்க் கோயிலுக்கு வாங்கணும்னு சொன்னீரே!

— வாத்தியாரே... யேசுரத்தினம் வாத்தியாரே!

— என்ன ஓய், சத்தத்தையே காணும்? தோத்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லும்.

— தாணம்மா, என்னட்டி இது? நான் இவ்வளவு பக்கத்துல நின்னு கத்துகேன்...

— கத்தாதீங்க அண்ணே. கண்கட்ட அவுத்துவிடுங்க. உங்க வாய் அசையத பாத்தாத்தான் அவியளுக்குப் பேச்சு கேக்கும்.