சாம்பல் பேட்டுக்குச் சோடி

அருமைநாயகி: ...தகப்பனுக்கு மகளையே சோடி கட்டியிருக்கிறியள். சுவாமியார் அறிஞ்சால்?

கிறகோரி: புறாக் கலியாணத்துக்குக் கோயிலிலை ஓலை வாசிக்கிறேல்லையப்பா.

அருமைநாயகி: பகிடி விடாதேங்கோ. கடைசிக் குஞ்சைப் பாத்தியளே? வால் விசிறி மாதிரித்தான் விரியுது. கழுத்து முறுகி, தண்ணி குடிக்கத் தெரியாமல் வானத்தைப் பாத்துக்கொண்டு நிக்குது.

கிறகோரி: அது செபம் சொல்லுது. மயில் புறாவுக்குப் பக்தி கூட. உதின்ரை பூட்டன் குருநகரிலை பூசை மணி கேட்டால் முழங்காலிலை நிண்டது.

அருமைநாயகி: புறாவுக்கு முழங்காலோ?

கிறகோரி: அதுக்கு மட்டும் இருந்தது.

அருமைநாயகி: உந்த வாலுக்காக எத்தினை குஞ்சைக் கிடங்கு வெட்டித் தாட்டுப்போட்டம்! காத்தடிச்சால் விழுகுது. பூனை வந்தால் நடந்து ஓடுது. ஆண்டவர் பறக்கப் படைச்சதை நீங்கள்...

கிறகோரி: அதுக்குத்தானே செய்யிறன்! பறக்கிறதுகளை வளத்து என்ன கண்டன்? கோட்டையிலையிருந்து ஆமி ஷெல் அடிக்குதெண்டு வெளிக்கிட்டு, இஞ்சை கரவெட்டியிலை உன்ரை தங்கச்சி மார்கிரட் வீட்டு மாட்டுக்கொட்டிலுக்கு வந்து, பெட்டியைத் திறந்தன். ஒரு வட்டம் அடிச்சுதுகள். ஒண்டுகூட என்னைத் திரும்பிப் பாக்கேல்லை. எல்லாம் குருநகருக்கு!

அருமைநாயகி: வீடெண்டால் போகாதே?

கிறகோரி: சிறகு நொந்திருந்தபடியாலை சாம்பல் பேடு ஒண்டுதான் மிச்சம். நாளைக்கு அதை மயில் சேவலோடை விடப்போறன். பிறக்கிறது முற்றத்தைத் தாண்டாது.

அருமைநாயகி: வேண்டாமப்பா. அது ஒண்டுதான் எங்கடை ஊர்ப் புறா. கூட்டைத் திறந்து விடுங்கோ. போகட்டும்.

கிறகோரி: போனால் வராது.

அருமைநாயகி: வராட்டில் என்ன? எங்கடை முகட்டிலை இருக்கும். போன மாதம் சைக்கிளிலை போய்ப் பாத்தனீங்கள்தானே?

கிறகோரி: ஓம்... பாத்தனான்.

அருமைநாயகி: இன்னொருக்காச் சொல்லுங்கோ.

கிறகோரி: எத்தினை தரமெண்டு சொல்லுறது? ரண்டு ஓடுதான் உடைஞ்சது. கிணத்தடி வாழை குலை தள்ளியிருக்கு. அயல் சனமெல்லாம் அந்தக் குலைக்குக் கீழை வெயிலுக்கு ஒதுங்கி நிக்குது. முகட்டிலை எங்கடை புறாக்கள் வரிசையா... ஒரு சேவல் கேட்டுது, "மனிசி எங்கை?" எண்டு.

அருமைநாயகி: நீங்கள்?

கிறகோரி: உலையிலை அரிசி போட்டிட்டு வருவா எண்டன்.

அருமைநாயகி: ...குசினிக் கதவு?

கிறகோரி: பூட்டினபடி.

அருமைநாயகி: திறப்பு என்ரை இடுப்பிலைதான் கிடக்கு. நித்திரையிலையும் தடவிப் பாப்பன்.

கிறகோரி: தெரியும்.

அருமைநாயகி: அப்ப அந்தப் பேட்டை விடுங்கோவன்.

கிறகோரி: விடமாட்டன். மேலை வட்டமிடுற பிராந்து அடிக்கும்.

அருமைநாயகி: பிராந்துக்கோ பயப்பிடுறியள்?

கிறகோரி: ...சும்மா இரப்பா.

அருமைநாயகி: இஞ்சாருங்கோ. ஒண்டு சொன்னால் கோவிக்க மாட்டியளே?

கிறகோரி: நான் எப்ப கோவிச்சனான்?

அருமைநாயகி: போன ஞாயிறு நீங்கள் பூசைக்குப் போக, நான் கூட்டைத் திறந்துவிட்டனான்.

கிறகோரி: என்னடி சொல்லுறாய்! பேடு இந்தா நிக்குது...

அருமைநாயகி: நேரே எங்கடை ஊர்ப் பக்கமாத்தான் போச்சுது. சிறகிலை ஒரு நோவும் இல்லை. நான் அழுதுகொண்டும் சிரிச்சுக்கொண்டும் நிண்டன். மத்தியானம் திரும்பி வந்து, தானாக் கூட்டுக்குள்ளை ஏறி, மூலையிலை குந்திச்சுது.

கிறகோரி: வழி மாறியிருக்கும்.

அருமைநாயகி: வீடு நிண்டால் அது திரும்பி வந்திருக்குமே?

கிறகோரி: ...மயில் சேவலை மற்றக் கூட்டிலையே விடுறன். இதின்ரை கதவு திறந்து கிடக்கட்டும்.

அருமைநாயகி: ம்.

கிறகோரி: எல்லாம் தெரிஞ்சுகொண்டே குசினிக் கதவைக் கேட்டனீ?

அருமைநாயகி: நீங்கள் சொல்லேக்கை மட்டும்தானே அந்த வீட்டுக்கு முகடு இருக்குது. சொல்லுங்கோ... அந்த வாழைக்குலை எவ்வளவு பெரிசு?