அடித்துவிட்ட வரி

தவ்ஃபீக்: "சூசையும் காதரும் ஜோடியா கொலைகாரனப் புடிக்கிற கதை... அத்த எய்தறது நீங்கதானா?"ன்னு கேட்டேன். நீ இன்னா சொன்ன?

நெல்சன்: பன்னெண்டு வருசம் ஆச்சு. இன்னும் அத்த விடமாட்டியா?

தவ்ஃபீக்: "இல்ல சார், நான் ஹார்பர்ல கிரேன் ஓட்டறேன்"ன்ன. மடியில அடுத்த நாவல் புரூப்ப வச்சிகினு. இதே திருவொத்தியூர் ரயில் ஸ்டேஷன், இதே பெஞ்சி.

நெல்சன்: அடிக்க வந்தியோன்னு பயந்துட்டேன்பா.

தவ்ஃபீக்: சண்டைக்குத்தான் வந்தேன். மொத நாவல்ல முப்பதாம் பக்கத்துலயே கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சிபோச்சே.

நெல்சன்: அன்னிலேந்து புடிச்சது பேஜாரு. கடைசி அத்தியாயத்துக்கு முன்னாடி சீட்டுல கொலைகாரன் பேர எய்தி மடிச்சிக் குடுப்ப. அஞ்சு நாவல், அஞ்சு சீட்டு. அஞ்சும் கரீட்டு.

தவ்ஃபீக்: மீன் ஏலம் நடக்கற எடத்துல போயி ஐஸ் பொட்டியில பொணத்த ஒளிச்சா? காசிமேடே தொறந்து பாக்குமே மாமு.

நெல்சன்: சிரிச்சியா இல்லியா?

தவ்ஃபீக்: ...சிரிச்சேன்.

நெல்சன்: எனக்கும் ஒரு சந்தோசம் கீது. ஒவ்வொரு சீட்டுலயும் மொதல்ல ஒரு வரி எய்தி, கன்னாபின்னான்னு அடிச்சிருப்ப. தப்பா எவன் பேரையோ போட்டுட்டு அடிச்சிட்டான்னு...

தவ்ஃபீக்: அத்த வுடு. பப்ளிஷர் பொன்னுரங்கம் இன்னா சொன்னாரு?

நெல்சன்: ஏழாவது நாவல்ல சூசையும் காதரும் வெறும் தோஸ்துங்களாம். காதருக்கு ஒரு கண்ணாலம் பண்ணி வைக்கணுமாம். அப்பதான் குடும்பத்துல படிப்பாங்களாம்.

தவ்ஃபீக்: நீ?

நெல்சன்: எங்க அக்கா ஜானட்டு குடும்பத்தோட உக்காந்துதான் படிக்குதுன்னேன். கண்ணாலம் வெச்சா, மண்டபத்துல மொதல் பொணம் பப்ளிஷருதான்னேன்.

தவ்ஃபீக்: வச்சிட்டாரா போன?

நெல்சன்: வச்சா வைக்கட்டும். வேற எவனாச்சும் போடுவான். இல்லாங்காட்டி ஜெராக்ஸ் எடுத்து நானே ரயில்ல விப்பேன். அவங்கள எவன் சொன்னாலும் பிரிக்கமாட்டேன்.

தவ்ஃபீக்: நீதான பிரிக்கற.

நெல்சன்: இன்னாது?

தவ்ஃபீக்: ஆறு கதையும் எப்டி முடியுது? கொலைகாரனப் புடிப்பாங்க. ரயில் ஸ்டேஷன்ல டீ குடிப்பாங்க. சூசை காலடிப்பேட்டைக்குப் போவான், காதரு தண்டையார்பேட்டைக்கு வண்டி ஏறுவான். அத்த எய்தனது பொன்னுரங்கமா?

நெல்சன்: ...உன் வண்டி வருது.

தவ்ஃபீக்: வரட்டும்.

நெல்சன்: கடைசி அத்தியாயம் எய்தணும். சீட்டக் குடுத்துட்டு ஏறு.

தவ்ஃபீக்: இந்தா.

நெல்சன்: ...பேரே காணோம். ஒரே ஒரு வரி. அடிக்கவும் இல்ல.

தவ்ஃபீக்: ம்.

நெல்சன்: வாயால சொல்லு.

தவ்ஃபீக்: பிளாட்பாரம் பூரா ஜனம் கீது, நெல்சன்.

நெல்சன்: இருக்கட்டுமே. ஆறு புக்குல ஊருக்கே கேக்கற மாரி நான் சொல்லல? நீ ஒருவாட்டி சொல்லு.

தவ்ஃபீக்: ...அஞ்சு சீட்டுலயும் அடிச்ச வரி இதான்யா. என்னிய வண்டி ஏத்தி அனுப்பாத. உன் வூட்டு சாவி எனக்கும் ஒண்ணு குடு.