பாவு பிடித்த கைகளும் சீனக் குத்துவரிசையும்

இந்த மாபெரும் கண்டனக் கூட்டத்திற்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் நெசவாளர் சங்கத் தலைவர், பிள்ளையார்பாளையத்தின் பெருமகனார், என் அக்காள் லோகாம்பாளை மணந்ததால் எனக்கு மாமாவும் ஆகிவிட்ட ஆதிகேசவனார் அவர்களே! முன்னிலை வகிக்கும் பெரியவர் கோதண்டபாணி அவர்களே! அவர் முன்னிலை வகித்தபடியே கண்ணயர்ந்திருக்கிறார், யாரும் எழுப்ப வேண்டாம். பட்டு நெய்யும் விரல்களைப் படைத்த பெரியோர்களே! பாய் விரித்து இடப்புறம் அமர்ந்திருக்கும் பாசமிகு தாய்மார்களே! சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை மட்டும் ஊன்றிக் கேட்டுக்கொண்டிருக்கும் தோழர்களே! நான் பேசும்போதெல்லாம் கூவுகிற இந்த ஒலிபெருக்கியை அடக்கப் போராடும் காசிநாதன் அவர்களே! உங்கள் அனைவருக்கும் வாலாஜாபாத் அரிசி மில்லில் வேலை பார்த்துக்கொண்டே வாய்க்கும் வேலை கொடுத்துவரும் திருஞானசம்பந்தத்தின் வணக்கம்.

'சீனக் குத்துவரிசை ஒழிப்புக் கண்டனக் கூட்டம்' என்று நோட்டீஸில் அச்சடித்திருக்கிறார்கள். சிறப்புரை என்று என் பெயரும் இருக்கிறது. எனவே முதலில் கண்டனத்தை முடித்துவிடுகிறேன். ஆறாண்டுகளுக்கு முன்னே நம் எல்லையில் அத்துமீறி நுழைந்தது சீனா. அந்தச் சீனத்தைக் கண்டிக்கிறேன்! அதன் படையைக் கண்டிக்கிறேன்! அந்தப் படை ஏறிவந்த பனிமலையை மட்டும், அது நம்முடைய மலை என்பதால், கண்டிக்காமல் விடுகிறேன். கண்டித்தாகிவிட்டது. கை தட்டியதற்கு நன்றி. இனி நாம் பேச வந்த பொருளுக்கு வருவோம்.

யாரை ஒழிக்க இங்கே கூடியிருக்கிறோம்? பீரங்கியோடு வந்த படைத்தலைவனையா? படகோடு வந்த பகைவனையா? இல்லை, பெருமக்களே. ரவிக்கை தைத்துப் பிழைக்கிற மரியம்மாளை! அதோ, தாய்மார்கள் வரிசையில் கடைசியில் உட்கார்ந்திருக்கிறாரே, நீலப் புடவை, அவரைத்தான். எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பாதீர்கள், பாவம், கூச்சப்படுகிறார்.

இந்த மரியம்மாள் யார்? ரங்கூனில் பிறந்த தமிழ்ப் பெண். அங்கே அவர் அடுத்த வீட்டில் ஒரு சீனத்து அம்மாள் இருந்தார். நம் இடியாப்பம் போன்ற ஒரு பண்டத்தைத் தெருவில் விற்பவர். விற்று முடித்ததும் தன் பெண்களைக் கொல்லையில் நிறுத்திக் குத்துவரிசை சொல்லிக்கொடுப்பார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த மரியம்மாளையும் கூப்பிட்டு நிற்கவைத்தார். வளர்ந்து, மணமாகி, கணவரை இழந்து, பிறகு பர்மா அரசு நம்மவரையெல்லாம் வெளியேற்றியபோது கப்பலேறி, இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார் மரியம்மாள். நம் காஞ்சியிலிருந்து ஓர் இளவரசர் சீனத்துக்குப் போய் இந்தக் கலையைக் கற்பித்தார் என்று சில படித்தவர்கள் சொல்கிறார்கள். நான் அவரோடு போகவில்லை, எனக்குத் தெரியாது. மரியம்மாள் பஸ்ஸில் வந்தார். அது எனக்குத் தெரியும்.

வந்தவர் நம் சங்க மண்டபத்தில், காலை வேளையில், அது சும்மா பூட்டிக் கிடக்கும் நேரத்தில், பெண்களுக்கு அந்தக் கலையைச் சொல்லிக்கொடுத்தார். என்ன சொல்லிக்கொடுத்தார்? கொலையா? கூச்சலா? குத்துவெட்டா? நிற்கச் சொல்லிக்கொடுத்தார். ஆமாம் ஐயா, நிற்க! காலை அகட்டி, முழங்காலை மடக்கி, குதிரை மேல் உட்கார்ந்தாற்போல், குதிரை மட்டும் இல்லாமல் நிற்க வேண்டும். மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விட வேண்டும். பல வாரம் இதேதான் பாடம். 'நிற்க நமக்குத் தெரியாதா, இதற்கொரு வாத்தியாரா?' என்று நானும்தான் கேட்டேன். ஒருநாள் அக்காள் வீட்டுக் கூடத்தில் நின்று பார்த்தேன். தொடை இரண்டும் தனித்தனியே நடுங்கின. அக்காள் காபி ஆற்றி முடிப்பதற்குள் நான் தரையில் இருந்தேன்.

என்ன தம்பி, சைக்கிளில் இருப்பவரே? 'மேடையில நின்னு காட்டுபா' என்கிறீர்களா? மேடை வாடகைக்கு எடுத்தது. வேண்டாம்.

குழித்தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு கூனிப்போனவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், சிலரால் தூக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். நம் பொன்னியம்மாள் அப்படித்தான் இருந்தார். ராட்டை சுற்றிச் சுற்றி வலத்தோள் இறுகி, தன் தலையைத் தானே வாரிக்கொள்ள முடியாமல், பக்கத்து வீட்டு வாசலில் போய்ச் சீப்போடு நிற்பார். மரியம்மாளிடம் போய் மூச்சும் நிலையும் பழகினார். இப்போது அவரே வாரி, அவரே கொண்டை போட்டு, அதில் பூவும் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அந்தக் கொண்டையைப் பாருங்கள்! வைத்தியசாலைத் தைலமா அதைச் செய்தது? சீனத்துச் சதி செய்தது, ஐயா, சீனத்துச் சதி!

ஆனால் இந்தக் கூட்டம் கொண்டையால் கூடவில்லை. ஒரு சங்கிலியால் கூடியது. நடந்ததைச் சொல்கிறேன். நான் கண்ணால் கண்டவன்.

போன மாதம் ஒரு காலை. நம் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு சேலையின் நீளவாட்டு இழைகள் அத்தனையையும் தெரு நெடுகக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுமுன் உலர்த்தி, அறுந்ததைப் பிணைத்து எடுக்க வேண்டும். தெருவே கூடிப் பிடிக்கும். பிடித்த கையை நடுவில் எவரும் விட முடியாது. விட்டால் இழை இழையோடு பின்னி, பாவு பாழ். அன்றைய பாவு தலைவர் ஆதிகேசவனாருடையது. கல்யாணப் புடவை. தலைவர் ஒரு முனையில் பிடித்திருந்தார். இரு பக்கமும் ஆண்கள் பிடித்திருந்தார்கள். விருந்தாளி என்பதால் என்னிடம் கஞ்சிச் சட்டியை மட்டும் கொடுத்திருந்தார்கள்.

குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார் என் அக்காள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் வழி கேட்பவன்போல் வந்தான். கழுத்தில் கை போட்டுத் தாலிச் சங்கிலியை அறுத்தான். எடுத்தான் ஓட்டம், எங்கள் தெருவுக்குள்!

தெரு என்ன செய்தது? வீரம் விளைந்த தெரு, கோபுரம் நான்கு திசையிலும் தெரியும் தெரு, என்ன செய்தது? ஒரே குரலில் கத்தியது: "டேய், பாவுடா! பாவு மேல கால வெச்சிடாதடா!"

இன்னொருவர் கத்தினார்: "சொவத்து ஓரமா ஓடுடா டேய்!"

அவனும் நல்ல பிள்ளை. சுவரோரமாகவே ஓடினான். திருடனுக்கு வழி சொல்லி அனுப்பிய தெருவை நான் அன்றுதான் பார்த்தேன். சிரிக்காதீர்கள். சிரிப்பவர்களில் பாதிப் பேர் அன்று அங்கே நின்றவர்கள். சட்டி பிடித்தவனும் சட்டியை விடவில்லை.

தெருக்கோடியில் வந்துகொண்டிருந்தார் பொன்னியம்மாள், நூல் சுற்றிய தார்க்குச்சிகள் நிறைந்த கூடையோடு. அவர் என்ன செய்தார் தெரியுமா? கூடையைச் சுவரோரம் இறக்கிவைத்தார். அந்தத் தெருவில் அன்று கையிலிருந்ததைக் கீழே வைத்தவர் அவர் ஒருவர்தான். வைத்துவிட்டு, காலை அகட்டி, முழங்காலை மடக்கி, நின்றார். அவன் தள்ளிவிட்டுப் போகலாம் என்று கையை நீட்டினான். நீட்டிய மணிக்கட்டைப் பிடித்தார். ஒதுங்கினார். திரும்பினார். அவ்வளவுதான். அவன் ஓடிவந்த வேகமே அவனைச் சுவரில் சேர்த்து உட்காரவைத்தது. பாவு இருந்த பக்கமல்ல, சுவர்ப் பக்கம்!

"வுட்டுடு ஆயா, கை வலிக்குது ஆயா" என்றான்.

"யாருக்குடா ஆயா?" என்று பொன்னியம்மாள் இன்னும் கொஞ்சம் திருகினார். சங்கிலி கீழே விழுந்தது.

தெரு முதலில் கேட்ட கேள்வி என்ன? "எழ எதனா அறுந்துதா?" இரண்டாவது கேள்வி, "சங்கிலி இருக்குதா?" மூன்றாவதாகத்தான் ஒருவர் கேட்டார், "லோகாம்மா எங்கப்பா?" என் அக்காள் குழாயடியில் நின்றிருந்தார். கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு. கண் மட்டும் தலைவர் மேல். தலைவரின் இரண்டு கையும் அப்போதும் பாவின் மேல்.

அன்று மதியம் இலை போட்டு உட்கார்ந்தோம். தலைவர் அவர்களே, வீட்டில் பேசியதை மேடையில் பேசலாமா என்கிறீர்கள். வீட்டில் பேசியதற்காகத்தானே மேடை போட்டீர்கள்? சோற்றைப் போட்டபடியே அக்காள் சொன்னார்: "நான் உங்களக் குத்தம் சொல்லலைங்க. கல்யாணப் பாவு. வுட்டா பொழப்பு போச்சு. ஆனா உங்க கை பாவுல இருக்கும்போது என் கழுத்த யாரு பாக்கறது? நானே பாத்துக்கறேன். நாளைக்குக் காலைல மண்டபத்துக்குப் போறேன்."

"சீனாக்காரன் வித்த நமக்கு எதுக்குமா?" என்றார் தலைவர்.

"பொன்னியம்மா சங்கிலியக் கொண்டாந்து குடுத்தப்போ, இது சீனாக்காரன் வித்தைல வந்த சங்கிலி, வேணான்னு சொன்னீங்களா?"

அதற்குப் பதிலாகத் தலைவர் நோட்டீஸ் அச்சடித்தார். எனக்கு ஆள் அனுப்பினார். மாமா அழைத்தார், தட்ட முடியவில்லை. அக்காள் சோறு போட்டார், மறக்க முடியவில்லை. நான் எந்தப் பக்கம் பேசுவது? நீங்களே சொல்லுங்கள்.

பெருமக்களே, இது கை ஒழியாத ஊர். நெய்கிறவன் கை தறி நாடாவில்! நூற்கிறவள் கை ராட்டையில்! சமைக்கிறவள் கை அடுப்பில்! சாமி தூக்குகிறவன் தோள் தண்டில், அவன் கையும் தண்டில்! அப்பன் கை ஒழியாது, அண்ணன் கை ஒழியாது, கட்டியவன் கை ஒழியாது! அப்படியானால் ஒரு பெண்ணைக் காக்கும் கை எது? அடுத்தவர் கை ஒழியும்வரை அவள் காத்திருக்க வேண்டுமா? கழுத்து காத்திருக்குமா? கயவன் காத்திருப்பானா? தன்னைக் காக்கும் கை தன் கையாக இருக்கட்டும் என்று அவள் கேட்டால், அந்தக் கையைக் கட்டிப்போடவா நாம் கூட்டம் போடுவது?

இன்னும் சிறிது நேரத்தில் தீர்மானம் படிக்கப் போகிறார்கள். நாளை முதல் மண்டபம் பூட்டப்படும். மரியம்மாள் குடியிருக்கும் அறையையும் காலி செய்ய வேண்டும். அந்த அறையும் தலைவருடையதுதான். மரியம்மாள் பெட்டியைக் கட்டிவிட்டார். நான் போய்ப் பார்த்தேன். தையல் மெஷினைச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறார். "எங்கம்மா போவீங்க?" என்றேன். "தெரியலைங்க. அங்க இந்தியாக்காரி போன்னாங்க, வந்தேன். இங்க சீனாக்காரி போன்னு சொல்றாங்க. இனிமே எந்த ஊரு என்னைத் தமிழ்க்காரின்னு சொல்லும்?" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது, ஐயா. இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

தலைவர் அவர்களே! மாமா! பாவை விடாததற்காக உங்களைக் குறை சொல்ல இந்த ஊரில் ஒருவருக்கும் தகுதி இல்லை. அக்காளே சொல்லவில்லை. உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்கிறீர்கள். அதற்கு ஏன் மரியம்மாள் ஊரை விட்டுப் போக வேண்டும்?

என்ன? மைக்கில் சொல்லுங்கள், மாமா. மைக் வேண்டாமா? சரி, நானே சொல்கிறேன். "நான் வுட்டிருக்கணும்டா மச்சான்" என்கிறார். "பாவு போனா போவட்டும்னு வுட்டிருக்கணும். ரெண்டு கையும் பாவுலயே இருந்துதுடா" என்கிறார்.

அமைதி, அமைதி. தாய்மார்கள் பக்கம் யாரோ எழுந்திருக்கிறார்கள். லோகாம்பாள் அவர்கள்தான். அக்கா, உரக்கச் சொல்லுங்கள், கோதண்டபாணி ஐயாவே விழித்துக்கொண்டார்.

"வுட்டிருந்தா நான்தாங்க உங்களத் திட்டியிருப்பேன். நாம ரெண்டு பேரும் சேர்ந்து கோத்த பாவு. நீங்க பாவப் புடிங்க. என்னைப் புடிச்சு வெக்காதீங்க."

கேட்டீர்களா? நான் இவ்வளவு நேரம் பேசியது இதைத்தான். இவ்வளவு நேரம் ஆகியிருக்க வேண்டாம்.

தலைவர் தீர்மானத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டார். மடியிலிருந்து மண்டபச் சாவியை எடுக்கிறார். என்னிடம் கொடுக்கிறார். என்னிடம் எதற்கு, மாமா? நீங்களே இறங்கிப் போய்க் கொடுங்கள். வழி விடுங்கள், தாய்மார்களே, பாயில் கால் படாமல் வருவார். மரியம்மா, எழுந்து வாங்கிக்கொள்ளுங்கள். அழாதீர்கள் அம்மா. இரண்டு கையும் நீட்டி வாங்குங்கள்.

கண்டனக் கூட்டம் என்று நம்பி வந்து, கண்டிக்க ஆளில்லாமல் திரும்பும் உங்கள் பொறுமைக்கு என் நன்றி. விழித்துக்கொண்ட பெரியவர்க்கும், கூவாமல் நின்ற ஒலிபெருக்கிக்கும் என் நன்றி. கூட்டம் முடிந்ததும் யாராவது இரண்டு பேர் மரியம்மாள் அறைக்குப் போய், அந்தத் தையல் மெஷினைச் சாக்கிலிருந்து அவிழ்த்து, இருந்த இடத்திலேயே வைத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். கனமாக இருக்கும். உங்கள் எல்லாருக்கும் என் பணிவான வணக்கம்.