பதினேழு நிமிட மின்சாரம்

எனக்குத் தெலுங்கு நன்றாகப் பேச வரும், எழுத வராது. அதனால் இந்த வாக்குமூலத்தைத் தமிழில் எழுதித் தருகிறேன். திருப்பதி ஆபீசில் தமிழ் தெரிந்தவர் யாராவது இருப்பார்கள், படித்துச் சொல்லச் சொல்லுங்கள் சார்.

முப்பத்தொரு வருடம் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நாகபூஷணம் என்று கேட்டால் நகரியில் யாருக்கும் தெரியாது, கரண்டு நாகபூஷணம் என்றால் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விடுவார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாவடி நிலம் ஒரு தர்ம அறக்கட்டளைக்குச் சொந்தம். நெசவுக்கான பாவு நூலை நீட்டிக் கட்ட பொன்னியம்மாள் என்பவர் எழுதி வைத்த முக்கால் ஏக்கர். இப்போது அங்கே ஒரு போர்வெல்லும் ஒரு தொட்டியும் இருக்கின்றன. தெரு முழுக்க அந்தத் தண்ணீர்தான், இலவசம். தர்மத்துக்கு நானும் எங்கள் தெரு துர்காதேவியும் பொறுப்பாளர்கள்.

போருக்குத் தனி மின் இணைப்பு கேட்டு எழுதிப் போட்டோம். வரவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் என் வீட்டு மீட்டரிலிருந்தே நிலத்தடியில் ஒரு ஒயர் இழுத்தேன். இரண்டரை அடி ஆழம். மேலே செங்கல் பரப்பவில்லை, குழாய்க்குள் விடவில்லை, எந்தக் காகிதத்திலும் ஏற்றவில்லை. வீட்டுக்கும் மோட்டாருக்கும் சேர்த்து வெளிச்சுவர்ப் பெட்டியில், மீட்டருக்கு முன்னால், ஒரே பீஸ் கட்டை. மோட்டார் கிளம்பும்போது அதிகமாக இழுக்கும், பீஸ் அடிக்கடி போகும். அதனால் மெல்லிய கம்பிக்குப் பதில் தடித்த செம்புக் கம்பி கட்டி வைத்தேன். பீஸ் என்பது ஆபத்து வந்தால் தானே அறுந்துபோக வேண்டிய பொருள். நான் கட்டியது அறாது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் விஷயம் புரிய இது வேண்டும்.

அடுத்து என் மகள் காவ்யா. இரண்டு வருடத்துக்கு முன்னால் புத்தூர் ரோட்டில் லாரி மோதி இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. போன ஐப்பசியில் ஒரு பட்டை மாத்திரையை மொத்தமாக விழுங்கினாள். திருப்பதி ஆஸ்பத்திரியில் ஆறு நாள். பிழைத்து வந்த பிறகு என்னிடம் ம் என்றும் ஊஹூம் என்றும்தான் பேசுவாள். மாத்திரைகளை நான் பூட்டி வைத்தேன். கத்தியைப் பூட்டினேன். கொடிக்கயிற்றை அவிழ்த்துப் பரண் மேல் போட்டேன். ஒரு வீட்டில் பூட்ட வேண்டிய பொருட்கள் எத்தனை என்று எண்ண ஆரம்பித்தால் முடிவே இல்லை, சார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சென்னைக் கம்பெனி வேலைக்கு அவளாகவே எழுதிப் போட்டாள். வீட்டிலிருந்தே செய்யும் வேலை. இரண்டு சுற்று தேறிவிட்டாள். வீட்டில் கேபிள் வழி இன்டர்நெட் இருக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. மெயின் ரோடு வரை கேபிள் வந்திருந்தது. அங்கிருந்து எங்கள் தெருவுக்கு வர பாவடி நிலத்தைத்தான் தாண்ட வேண்டும்.

அந்தக் கேபிளைப் பற்றி நான் நிறையப் படித்தேன். முடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை. உள்ளே போகும் வெளிச்சம் ஓரத்தில் பட்டுப் பட்டுத் திரும்பி, வெளியே சிந்தாமல் மறுமுனை வரை போய்விடும். அதில் கரண்டே கிடையாது, தொட்டாலும் ஒன்றும் ஆகாது. இதைக் காவ்யாவிடம் விளக்கியபோது, "அப்பறம்?" என்று கேட்டாள். ஐந்து மாதத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

கேபிள் கம்பெனி கொடுத்த அனுமதிப் படிவத்தில் ஒரு வரி இருந்தது: நிலத்தின் அடியில் வேறு ஒயரோ குழாயோ இருக்கிறதா? இருக்கிறது என்று எழுதினால் மின்துறையின் கடிதம் வேண்டும். அந்தக் கடிதம் எத்தனை நாளில் வரும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? காவ்யாவுக்குச் சென்னைக் கம்பெனி கொடுத்த கெடு பத்து நாள். இல்லை என்று எழுதினேன்.

துர்காதேவி கையெழுத்துப் போடும்போது, "இன்னா அண்ணா, பொண்ணுக்குன்னா பாவடியவே பேத்துக் குடுத்துடுவ போலக்கீது" என்றாள். "மண்ண ஒழுங்கா மூடச் சொல்லு. பசங்க ஓடிக்கினு கீதுங்க, உழுந்துதுங்கன்னா நான் உன்னத்தான் கேப்பேன்." நல்ல மனுஷி. அவளுக்கு ஒயர் விஷயம் தெரியாது.

தோண்ட வந்த அன்று காலை ஒன்பது பத்துக்குப் பீஸ் கட்டையைப் பிடுங்கினேன். லைன்மேன்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பிடுங்கியவன் கட்டையைத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்வான். லைனில் ஏறிய ஆள் இறங்கி எதிரே வந்து நிற்கும்வரை அது பையை விட்டு வெளியே வராது. பெஞ்சாதி செத்தாலும் வராது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் பையில்தான் வைத்தேன். ஒரு மணிக்குள் தோண்டி முடித்துவிடுவார்கள், காவ்யாவின் கடைசிச் சுற்று நேர்காணல் மாலை நாலு மணிக்கு. கணக்கில் தப்பில்லை.

சூப்பர்வைசர் சாய்குமார் கவனமான ஆள். "ஃபாரம்ல இல்லன்னுதான் போட்டுக்கீறீங்க சார். இருந்தாலும் வாயால ஒரு தபா சொல்லிடுங்க, அடியில கரண்டு ஒயரு எதுனா கீதா?" என்று கேட்டான்.

"ஒண்ணும் இல்லப்பா" என்றேன்.

தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவில் இயந்திரம் நுழையாது. அங்கே கையால் தோண்டக் கூலியாள் பரணி இறங்கினான். கங்காதர நெல்லூர்க்காரன், முப்பத்து நாலு வயது. "பெரிசு, பொதையல் கிதையல் கீதுன்னா இப்பவே சொல்லிடு. பாதி உனக்கு" என்றான். "பாதி உன் பொண்டாட்டிக்கு, உனக்கு இன்னாடா?" என்று சாய்குமார் கேட்டான். எல்லாரும் சிரித்தோம்.

பத்தே முக்காலுக்குக் காவ்யா கூப்பிட்டாள்.

"நைனா, நேரம் மாத்திட்டாங்களாம். பதினோரு மணிக்கே பேசணுமாம். கரண்டு எப்ப வரும்?"

அவள் லேப்டாப்பில் பேட்டரி செத்துப் போய் ஒரு வருடம் ஆகிறது, சார்ஜரில் செருகினால்தான் ஓடும். முகத்தில் பவுடர் போட்டிருந்தாள். தலைவாரிப் பொட்டு வைத்திருந்தாள். நாற்காலியைத் தானே ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போயிருந்தாள், போன் இன்டர்நெட்டுக்கு அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.

"வந்துடும் மா" என்றேன்.

பரணியை மேலே ஏறச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் ஏன் என்று சாய்குமார் கேட்பான். ஒயர் வெளிப்படும், வேலை நிற்கும், அனுமதி ரத்தாகும். டீ குடிக்கவாவது கூப்பிட்டிருக்கலாம். அதையும் யோசித்தேன், யோசித்தே கால் மணி போனது. போய் அழைத்துத் திரும்ப நாலைந்து நிமிடம் ஆகும். அப்போதே பதினொன்று தாண்டிவிட்டது, "நைனா, காத்துக்கினு கீறாங்க" என்று அவள் இரண்டாம் முறை கூப்பிட்டுவிட்டாள். பரணி ஒன்றரை அடிதான் இறங்கியிருந்தான். கீழே இறுகிய சுக்கான் கல். அந்த மண்ணில் இன்னும் ஓரடி போக அரை மணி ஆகும் என்று கணக்குப் போட்டேன். நேர்காணல் கால் மணிதான். பையிலிருந்து கட்டையை எடுத்துச் சொருகினேன்.

மண் நான் நினைத்ததைவிட இளகியிருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அதே இடத்தைத் தோண்டி மூடியவன் நான்தான். ஒருமுறை தோண்டிய மண் பழையபடி இறுகாது என்பது எனக்குத் தெரிந்த விஷயம். அன்று நினைவுக்கு வரவில்லை.

பிறகு நடந்தது, பரணி செத்தது, உங்கள் பைலில் இருக்கிறது. குழியில் வெளிப்பட்டது கைவிட்ட பழைய ஒயர், அதில் கரண்டு இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். வேலைக்காக ரோட்டுக் கடையிலிருந்து இழுத்த டிரில் மெஷின் ஒயரைச் சரியாகப் பார்க்கவில்லை என்று சாய்குமாரைச் சித்தூர் ஜெயிலில் வைத்திருக்கிறார்கள். நாலாம் நாள் வேறு ஆட்கள் வந்து பள்ளத்தை முடித்தார்கள். கேபிள் வந்துவிட்டது. காவ்யா வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. பூட்டியவற்றில் பாதியைத் திறந்து வைத்துவிட்டேன்.

மீட்டரைப் படிக்க நீங்கள் வருவீர்கள் என்று நான் எதிர்பார்த்தேன். புது மீட்டர் கரண்டு போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் தனக்குள் குறித்து வைக்கும். நல்ல ஏற்பாடு. 11.03-க்கு வந்தது, 11.20-க்குப் போனது என்று அதில் இருக்கும். சாய்குமார் ஆம்புலன்சுக்குப் போன் போட்டது 11.12. பரணி விழுந்தவுடனே பிடுங்கிவிட்டேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. இடையில் எட்டு நிமிடம் இருக்கிறது.

பெட்டியருகிலிருந்து நிலம் முழுவதும் தெரியும். பரணி கடப்பாரையைப் பிடித்தபடியே சாய்ந்தான். தூக்கப் போன சாய்குமாரைக் கரண்டு உதறித் தள்ளியது. "எவனாச்சும் கரண்ட ஆஃப் பண்ணுங்கடா" என்று கத்தினான். எந்தக் கரண்டு என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. டிரில் மெஷின் ஒயரைப் பிடுங்கினார்கள், டிரான்ஸ்பார்மரைத் தேடி ஒருவன் ஓடினான். என் கை கட்டையின் மேல்தான் இருந்தது.

ஜன்னலுக்குள் காவ்யா பேசிக்கொண்டிருந்தாள். இங்கிலீஷில், நீளமான வாக்கியங்களாக. எதிரே இருந்தவர் என்னவோ கேட்க, சத்தமாகச் சிரித்துவிட்டுப் பதில் சொன்னாள். வெளியே கத்தல் கேட்டு நிறுத்திவிடுவாளோ என்று ஜன்னல் கதவை மெல்ல ஒருக்களித்துச் சாத்தினேன். தேங்க்யூ சொல்லி அவள் லேப்டாப்பை மூடிய பிறகு கட்டையைப் பிடுங்கினேன்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, சார். அந்த எட்டு நிமிடமும் குழிப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் பிடுங்கியிருப்பேன்.