ஃபேன் நின்ற பிறகு

அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள் மேடம். காற்று வேண்டாம் என்றில்லை, அந்தச் சத்தம் கேட்டால் எனக்குப் பேச்சு ஓடாது. ஜாஸ்லின் என்று எழுதிக்கொள்ளுங்கள். கே.கே. நகர், மாடி வீடு. செத்துப்போன பிரவீன்ராஜ் என் வீட்டுக்காரர்.

அவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. மலைக்கோட்டைக்குக் கீழே கேம் மெஷின் ரிப்பேர் கடை. டிவியில் மாட்டி விளையாடுவார்களே, அந்தப் பெட்டி. சூடு ஏற ஏற அதன் ஃபேன் எப்படி வேகம் பிடிக்கிறது என்று சோதித்து யூடியூபில் போடுவார். அதற்காகவே மொட்டை மாடியில் தகர ஷீட் அறை கட்டி, ஜன்னலை அடைத்து, சுவரெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தார். கதவோடு ஒட்டி நின்றால்தான் உள்ளே பேசுவது கேட்கும். சோதனை முடிந்ததும் மெஷின் ஆற வேண்டுமாம், ஏசியும் அங்கேதான். கீழே நானும் குழந்தை ஜென்சியும் வெந்துகொண்டிருந்தோம்.

ஒரு நாள் எனக்கும் விளக்கினார். "முதல்ல ஃபேன் மெதுவா சுத்தும். சூடு ஏறுனா கத்தும். தாங்க முடியலன்னா மெஷின் தானா ஆஃப் ஆயிடும். அதுக்கு அறிவு இருக்கு, உன்ன மாதிரியா?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்து வைத்தேன்.

தவக்காலம் தொடங்கிய வாரம் ஜென்சிக்குக் காய்ச்சல். நெற்றிக்கு நேரே நீட்டிப் பார்க்கிற தெர்மாமீட்டர், கொரோனாவில் வாங்கியது, அதை வீடு பூராவும் தேடினேன். ஐயா மாடியில் அதை மெஷினுக்கு நீட்டிக்கொண்டிருந்தார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். உள்தாழ்ப்பாள்.

"என்னங்க, பிள்ளைக்கு உடம்பு கொதிக்குது, கதவத் திறங்க."

"கொஞ்சம் பொறு. ரெக்கார்டிங் போயிட்டிருக்கு."

மறுபடி தட்டினேன். உள்ளே ஃபேன் சத்தம்தான் கூடியது. என் தோளிலேயே ஜென்சிக்கு வலிப்பு வந்தது. பக்கத்து வீட்டு அஃபீஃபா அக்காதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். சாயங்காலம் இவர் வந்து கட்டில் ஓரத்தில் நின்று சொன்னது என்ன தெரியுமா? "அதான் நல்லாயிட்டாளே. நீ தட்டுன சத்தம் வீடியோவுல விழுந்துருச்சு."

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். இப்போது ஓடியாடி விளையாடுகிறாள். அதனால் ஆத்திரத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள். எனக்குக் கோபமே இல்லை. வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் ஸ்ரீரங்கத்தில் ஒருத்தருக்கு மெஷினைக் கொடுக்கப் போனவர் காவிரிப் பாலத்தில் பைக் சறுக்கி விழுந்தார். இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. கீழே படுக்க மாட்டாராம், ஏசி இருக்கிற தகர அறையிலேயே கட்டில் போடச் சொன்னார். நான் ஒரு குறையும் வைக்கவில்லை. சோறு ஊட்டினேன், மலம் எடுத்தேன்.

பெரிய வெள்ளி வந்தது. ஆண்டவர் சிலுவையில் தொங்கிய நாள், எங்கள் வீடுகளில் டிவிகூடப் போட மாட்டோம்.

"இன்னிக்கு ஒரு நாள் வேணாங்க," என்றேன்.

"வெயில் இப்படிக் கொளுத்துறப்ப விட்டா எப்ப டெஸ்ட் பண்றது? ஏய், போய் ஆன் பண்ணு."

ஆன் செய்தேன். கேமராவையும் ஓட விட்டேன். சார்ஜ் போடுகிறேன் என்று ஃபோனை வாங்கிக்கொண்டேன். நிரப்பி வருகிறேன் என்று தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டேன். வெளியே வந்து கதவைத் தாழிட்டேன். ஏசி சுவிட்ச் படிக்கட்டுப் பக்கம் இருக்கிறது, அதை அணைத்தேன். ஜென்சி அஃபீஃபா அக்கா வீட்டில் இருந்தாள்.

மூன்று மணி வழிபாட்டுக்கு மாதா கோயிலுக்குப் போனேன், சிலுவையை முத்தம் செய்தேன், வந்து பார்த்தால் இப்படிக் கிடக்கிறார் என்று நேற்று உங்களிடம் அழுதேன். நான் வீட்டில் இருந்து அவர் ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் திறந்திருக்க மாட்டேனா என்றும் கேட்டேன். கோயிலுக்குப் போனது பொய் மேடம். அந்தக் கதவுக்கு வெளியே மொட்டை மாடி வெயிலில்தான் நின்றேன். அன்று எனக்கு ஒருசந்தி நோன்பு. நானும் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. நியாயம் என்றால் இரண்டு பேருக்கும் ஒரே நியாயம்தானே.

சும்மா சொல்லக்கூடாது, அவர் சொன்னபடியேதான் நடந்தது. ஃபேன் முதலில் மெதுவாகச் சுற்றியது. பிறகு வேகம் பிடித்தது. பிறகு அலறியது. அப்புறம் மெஷின் தானாகவே நின்றுவிட்டது.

ஃபேன் நின்ற பிறகுதான் அவர் குரல் தெளிவாகக் கேட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை "ஏய்" என்றுதான் கூப்பிடுவார். அன்று பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"ஜாஸ்லின், கதவத் திறம்மா. தாங்க முடியலம்மா."

நான் கதவோடு முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் பதில் சொன்னேன்.

"கொஞ்சம் பொறுங்க. ரெக்கார்டிங் போயிட்டிருக்கு."